கண்டக்டர் வாயில் வந்த பெயர்

போன ஆடி மாதம், நாமக்கல்லில் இருந்து நாங்கள் படித்த கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நடந்தது இது. ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பக்கத்தில் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. கொடியில் கிடக்கும் துணி, கடைவாசல் தட்டி, தலைமுடி, மனசு, எல்லாம் பறக்கும். எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சேலம் சூரமங்கலத்தில் வீடு, ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. கண்ணாடித் துளைக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது ஓர் ஊர்ப்பெயரைச் சொல்வார்கள். நான் தட்டிச் சீட்டாகக் கொடுப்பேன். நாளெல்லாம் ஊர்ப்பெயர் கேட்டே பிழைக்கிற எனக்கு, ஒரு பெயர் எப்படி ஓர் இடமாகிறது என்பது அந்த ஆடியில்தான் தெரிந்தது.

எங்களோடு படித்தவன் ஒருவன் கார்கில் போரில் இறந்துபோனான். அவன் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கல்லூரியில் அவன் பெரிய ஆள் எல்லாம் இல்லை. படிப்பு சுமார், பேச்சு அதைவிடச் சுமார். ஒரே ஒரு வித்தை தெரியும். அப்போது கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜவ்வரிசி ஆலை இருந்தது. மரவள்ளிக் கிழங்கு புளித்த வாடை வகுப்பறை வரைக்கும் வந்து எங்களோடு பாடம் கேட்கும். அதனால் அந்த பஸ் நிறுத்தத்துக்குப் பெயரே சேகோ பேக்டரி. சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். லேபில் இருந்து வரும் பெண்கள் நாங்கள் எப்போதும் பின்தங்கிவிடுவோம். அவன் முதல் ஆளாக ஓடி, ஒரு காலைப் படியில் வைப்பான். இன்னொரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வான். அவ்வளவுதான் வித்தை. ஏறவும் மாட்டான், விடவும் மாட்டான். தரையில் கால் இருக்கிற ஆளோடு எந்த டிரைவர் வண்டியை எடுப்பார்?

"ஒண்ணு ஏறு, இல்லாட்டி எறங்கு," என்று கண்டக்டர் கத்துவார்.

"ஆளு வருதுங்க, ஆளு வருதுங்க," என்பான். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டான். கடைசிப் பெண்ணும் ஏறிய பிறகுதான் அந்த இரண்டாவது கால் மேலே வரும். கடைசிப் பெண் பெரும்பாலும் நான்தான். எனக்கு ஓட வராது.

படிப்பு முடிந்த சூட்டோடு பட்டாளத்துக்குப் போனான். பனிமலைக்குப் போனவன் கொடி போர்த்திய பெட்டியில் வந்தான். அவன் ஊர்ப் பக்கம், எருமப்பட்டிச் சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. அதற்கப்புறம் எங்களுக்குக் கல்யாணம், குழந்தைகள், கடன், சர்க்கரை வியாதி. ஆண்டுதோறும் ஒரு நாள் கைபேசிக் குழுவில் அவன் படத்தைப் போட்டுக் கும்பிடும் கைகளைப் போடுவோம். அதோடு முடிந்தது.

போன வருடம்தான் குழுவில் யாரோ கேட்டார்கள், அவனுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்று. சிலை வேண்டாம், கட்டடம் வேண்டாம், அவன் பஸ்ஸை நிறுத்திவைத்த அதே இடத்தில் ஒரு நிழற்குடை கட்டுவோம் என்று முடிவானது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் நண்பன், "இரும்பு வேலை என்னுது, ஒருத்தரும் உள்ள வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் தானே நின்று கட்டினான். ஆளுக்குத் தெரிந்தது லாரிதானே. நிழற்குடை அச்சு அசலாக லாரி கேபின் மாதிரியே எழும்பியது. ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ வளையம், இரண்டு பக்கமும் மயில், நடுவில் அவன் பெயர் ஆள் உயரத்துக்கு. ஹெட்லைட் வைக்காததுதான் பாக்கி. கல்லூரி முதல்வர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "தூரத்தில் இருந்தே தெரிகிறது," என்றார்.

திறப்பு விழாவுக்கு அவன் அம்மாவை அழைக்க நானும் பட்டறை நண்பனும் போனோம். எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குள் வீடு. அந்த அம்மா வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்தைந்து இருக்கும். நாங்கள் படலைத் திறப்பதற்கு முன்பே, திரும்பிப் பார்க்காமல், "ரெண்டு பேரு வாறீங்க. ஒருத்தரு செருப்பு பிஞ்சிருக்குது," என்றார். என் செருப்புதான் பிய்ந்திருந்தது. அப்படி ஒரு காது.

விஷயத்தைச் சொன்னோம்.

"விழாவுங்களா. மேடை போடுவீங்களா?"

"ஆமாங்கம்மா."

"சால்வை போத்துவீங்களா?"

"போத்தாம இருப்பமுங்களா?" என்றான் நண்பன்.

"பொட்டி நெறையாக் கெடக்குது சாமி. ஆடு குட்டி போட்டாக் குளுருக்கு அதுக்குத்தான் போத்தி உடறேன். பட்டுச் சால்வை போத்துன ஆட்டுக்குட்டி இந்தச் சுத்து வட்டாரத்துலயே நம்ம பட்டியில மட்டுந்தான்."

நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோல் உரித்துக்கொண்டே பேசினார்.

"அவன் போனதுல இருந்து ஒருத்தரும் அவன் பேரைச் சொல்றதில்லீங்க. சொன்னா நான் அழுதுருவேன்னு பயம். வந்தவங்க எல்லாம் 'உங்க பையன்'ங்கறாங்க. மைக்குல 'மாவீரன்'ங்கறாங்க. சொந்தக்காரங்க 'நம்ம மிலிட்டரி'ங்கறாங்க. நான் வெச்ச பேரு ஒண்ணு இருக்குதல்ல? அதை அழுகாம, கும்பிடாம, சோறு திங்கக் கூப்படற மாதிரி வெறும் வாயில ஆரு சொல்றா?"

நண்பன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். "பேரு பெருசா எழுதியிருக்குதுங்கம்மா. நானே நின்னு எழுதுனது. அக்கட்ட மேட்டுல வாரப்பவே தெரியும்."

"எழுதுனது சரி. பஸ்ஸுல வாரவங்க என்ன பேரு சொல்லி அங்க எறங்கறாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"சேகோ பேக்டரிங்க," என்றான்.

"பேக்டரி இருக்குதா?"

"அது மூடி எத்தனையோ வருசம் ஆச்சுங்க. இப்ப கல்யாண மண்டபம்."

"அப்ப மூடுன பேக்டரிக்கு இருக்கற மரியாதை எம் பையனுக்கு இல்ல." அப்போதுதான் சிரித்தார். "சரி, வாரேன். காரு கீரு அனுப்பாதீங்க. பொம்பளைங்களுக்குத்தான் ஓசி பஸ்ஸு உட்டிருக்குதல்ல, அதுல வாரேன். கண்டக்டரு என்ன சொல்லி என்னைய எறக்கி உடறாருன்னு பாக்கறேன்."

திரும்பும்போது நண்பன்தான் காரை ஓட்டினான். காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. மயில் வரைந்தது, பூ வரைந்தது, பெயர் எழுதியது எல்லாம் சரி; அந்தப் பெயரை யாராவது சொல்வார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. எனக்கோ தோன்றியிருக்க வேண்டும். நான்தானே நாளெல்லாம் பெயர் கேட்கிறவள்.

வழி சொன்னவர் ஆத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். போனில் எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"போர்டு மாட்டினா பேர் வந்துடுமா? எங்க வாப்பா கடைப் பேரை மாத்தி, போர்டு மாத்தி, பை கூட மாத்தினாரு. இன்னைக்கும் ஜனங்க பழைய பேரைச் சொல்லித்தான் உள்ள வர்றாங்க. பேரை எழுதறவன் மாத்த முடியாதுப்பா. கேக்கறவன்தான் மாத்தணும். வாங்க, நம்மளே போய்க் கேப்போம்."

அப்படித் தொடங்கியது எங்கள் பைத்தியம். விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. முதல் நாள் மூவருமாக நாமக்கல்லில் பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்கள் வயதுக்காரர், கசங்காத காக்கிச் சட்டை, முகத்தில் ஒரு நிரந்தரச் சலிப்பு. பட்டறை நண்பன் தொண்டையைச் செருமி, அவன் பெயரைச் சொல்லி, "ரெண்டு டிக்கெட்டு குடுங்க, அம்மணிக்கு ஓசி," என்றான்.

கண்டக்டர் பஸ்ஸை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒருத்தரு இந்த வண்டியில இல்லீங்களே. அடுத்த வண்டியில பாருங்க."

"ஆளு இல்லீங்க. ஸ்டாப்பு."

"ஸ்டாப்பா? நானும் இந்த ரோட்டுல கெழவனாகிட்டு இருக்கறேன். அப்படி ஒரு ஸ்டாப்பை நான் பாத்ததில்ல."

"காலேஜுக்கு முன்னாடிங்க. புதுசா லாரி மாதிரி ஒண்ணு நிக்குதல்ல?" என்றார் பாய். நண்பன் அவரை முறைத்தான்.

"ஓ, அதுங்களா. அது சேகோ பேக்டரிங்க." கையில் இருந்த டிக்கெட் மெஷினைக் காட்டினார். "இதுல அதான் இருக்குது. நீங்க சொல்றது மெசினுக்குத் தெரியாதுங்க."

"மெசினுக்குத் தெரிய வேண்டாங்க. உங்க வாயிக்குத் தெரிஞ்சாப் போதும். ஸ்டாப்பு வந்தா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுங்க."

அவர் சீட்டுகளைக் கிழித்துக் கையில் திணித்தார். "கேக்கறவங்க இருக்கற ஊரைத்தான் கண்டக்டரு கூப்புடுவான். ஒருத்தருங் கேக்காத ஊரைக் கூப்புட்டா, எனக்குக் கிறுக்குன்னு டிரைவரு என்னைய எறக்கி உட்டுப் போயிருவாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலும் அதுதான். யாரும் கேட்காத ஊரின் பெயரை நானும் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

ஆனால் அந்த முதல் பயணத்திலேயே ஒன்று நடந்தது. முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா திரும்பி, "ஆருங்க அது, ஸ்டாப்புக்கு அந்தப் பேரு?" என்று கேட்டார். நண்பன் சொன்னான். போரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் என்று தொடங்கினான். எழுந்து நின்று, ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டில் கால் நீட்டிக் காட்டவும் போனான். "உள்ள வாங்க, நீங்க ஒரு ஸ்டாப்பு ஆகாதீங்க," என்று கண்டக்டர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பூக்கார அக்கா, "அப்புறம் என்ன ஆச்சு அந்தப் பையனுக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் நண்பன் போரைச் சொன்னான்.

அதற்கப்புறம் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலை இல்லாத நாளெல்லாம் சேலத்தில் இருந்து நாமக்கல் ஓடுவேன், அந்த பஸ்ஸில் ஏறுவேன், அவன் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்பேன், இறங்குவேன், எதிர்ப்பக்கம் ஏறுவேன். அவன் உயிரோடு இருந்தபோது நான் அவன் பெயரை இத்தனை முறை சொன்னதே இல்லை. சொல்லச் சொல்ல அது வாயில் வெல்லம் மாதிரி இளகியது. பட்டறை நண்பன் கையில் கிரீஸோடு வேலையைப் பாதியில் விட்டு வந்து ஏறுவான். பாய் ஆத்தூரில் இருந்து வரும்போதெல்லாம் கடைப்பையோடு வந்து, துணி எடுக்க வந்தவர்களிடம் பேசுகிற அதே நயத்தில் பெயரைச் சொல்லி வைப்பார். குழுவில் மற்றவர்களும் கிளம்பினார்கள். முட்டைப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஸ்பின்னிங் மில் பெண்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆரு ஆரு என்று கேட்டார்கள், கேட்டதைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கல்லூரிப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் கெட்டிக்காரிகள். அவன் பெயரைச் சுருக்கி, வால் முளைக்கவைத்து, செல்லப் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். முதலில் பதறினேன். பிறகு நினைத்தேன், சோறு திங்கக் கூப்பிடுகிற பெயர் அப்படித்தானே இருக்கும்.

கண்டக்டரும் மெல்ல இளகினார். எங்களில் யாராவது ஏறினால், வாயைத் திறக்கும் முன்பே முன்படியில் இருந்து அவன் பெயரை உரக்கக் கூவி, "எல்லாம் ஏறிக்குங்க," என்பார். ஒருநாள் நான் கேட்டேன். "நாங்க இல்லாதப்பவும் கூப்படறீங்களாங்க?"

"அதைச் சொல்லீட்டா உங்களுக்கு வேலை இல்லாமப் போயிருமுங்களே," என்று சொல்லி விசிலை ஊதிவிட்டார்.

விழா நாள் காலை. மற்றவர்கள் எல்லோரும் நிழற்குடையில் காத்திருந்தார்கள். அந்த அம்மாவோடு பஸ்ஸில் வருவது மட்டும் என் பொறுப்பு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எருமப்பட்டி பஸ்ஸில் இருந்து ஒரு கட்டைப்பையோடு இறங்கியவர், என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "பஸ்ஸுல நீ வாயைத் தெறக்கக் கூடாது, சாமி. நீங்க எல்லாம் கூடிக்கிட்டு ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்கறீங்கன்னு எங்காதுக்கு வந்துருச்சு. நீ சொல்லி அவுங்க சொன்னா, அது சொன்னதுல சேராது."

தலையாட்டினேன். எனக்கென்ன பயம், நம்ம கண்டக்டர் இருக்கிறார் என்று தைரியமாக, முன்பக்கம் ரோஸ் நிறம் அடித்த அந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன். அவர் இல்லை. கழுத்தில் இயர்போன் தொங்கும் ஓர் இளைஞர், இந்த வழிக்குப் புதுசு என்று முகத்தில் எழுதியிருந்தது.

"எங்கீங்க ஆயா?"

"காலேஜுக்கு, சாமி."

அவர் மெஷினைத் தடவித் தேடினார். "சேகோ பேக்டரிங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துப் போனார். அம்மா அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

பஸ் ஊரைத் தாண்டியது. லாரிப் பட்டறைகள், கோழிப் பண்ணைகள், காற்றில் படுத்து எழும் சோளத் தட்டு. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

"காலேஜுல அவன் என்னதான் பண்ணுவான்? படிச்சானா?"

"சுமாராத்தாங்கம்மா."

"அது எனக்குத் தெரியும். வேற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஊர் பஸ்ஸில் எல்லோருக்கும் நாங்கள் சொல்லிவிட்ட கதை பெற்ற தாய்க்குத் தெரியாது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அவன் நின்றதை, கண்டக்டரிடம் வாங்கிய திட்டை, 'ஆளு வருதுங்க' என்பதை, கடைசியாக மூச்சிரைக்க ஓடிவந்த என்னை, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டார். முடிந்ததும், "அதனாலதான் தெனமும் ஒத்தைச் செருப்பு தேஞ்சு வந்துச்சா," என்றார். அவ்வளவுதான். முந்தானை முடிச்சை விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன.

கல்யாண மண்டபத்தின் வளைவு தூரத்தில் தெரிந்தது. புதுக் கண்டக்டர் எழுந்து படிக்கு வந்தார். சேகோ என்று சொல்லப்போகிறார், சொல்லப்போகிறார் என்று என் காது இரண்டும் சூடாகிவிட்டன. வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்தார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு மகள், மடியில் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பை. அந்தப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்கள் குழுவில் யாருக்கும் அவரைத் தெரியாது என்று பிறகு உறுதியாயிற்று. அவர் கண்டக்டரிடம் அவன் பெயரைச் சொன்னார். சர்வ சாதாரணமாக, வெங்காயம் என்ன விலை என்கிற மாதிரி, அவன் பெயரைச் சொல்லி, "அந்த ஸ்டாப்பு வந்துருச்சுங்களா? புள்ளையைக் காலேஜுல சேக்கோணும். அங்க எறங்கச் சொன்னாங்க," என்றார்.

"அப்படி ஒரு ஸ்டாப்பு இல்லீங்களே," என்றார் இளைஞர்.

"இருக்குதுங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

"சேகோதாங்க அது. இப்ப அந்தப் பேரு," என்றார் மில்லுக்குப் போகும் ஒரு பெண், அவன் பெயரை முழுசாகச் சொல்லி. "அண்ணா, நீங்க புதுசா?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள், வால் முளைத்த அந்தச் செல்லப் பெயரைச் சொல்லி. "லாரி மாதிரி நிக்கும் பாருங்க," என்று ஒரு பெரியவர் வழி சொன்னார், அவரும் அவன் பெயரைச் சொல்லி. யாரும் அழவில்லை. யாரும் கும்பிடவில்லை. ஒவ்வொரு குரல் எழுந்தபோதும் அந்த அம்மாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. சாரல் வரும் திசைக்கெல்லாம் முகத்தைக் காட்டுவதைப் போல.

"சரி சரி, ஆளுக்கொண்ணு சொல்லாதீங்க," என்று எரிச்சலாகச் சொன்ன இளைஞர், படியில் இருந்து வெளியே தலையை நீட்டி, காற்றைக் கிழித்துக்கொண்டு அவன் பெயரைக் கூவினார். "எல்லாம் எறங்குங்க, வெரசா, வெரசா."

பஸ் நின்றது. நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை.

"ஆயா, உங்க ஸ்டாப்புதான். எறங்குங்க."

"என்ன ஸ்டாப்பு சாமி? காதுல உளுகலை."

பிய்ந்த செருப்பின் ஓசையைப் படலுக்கு வெளியே வரும்போதே பிடித்த காது அது. காது கேட்காத ஆயா என்று நினைத்த அந்த இளம் கண்டக்டர் குனிந்து, அவர் காதோரம் வாய் வைத்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி அவன் பெயரைச் சொன்னார்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னார்.

"ம். உளுந்துருச்சு," என்று எழுந்தார். கண் நனையவில்லை. படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நிழற்குடையில் நின்ற எல்லோருக்கும் கண்டக்டரின் குரல் கேட்டிருந்தது. பட்டறை நண்பன் தான் வரைந்த மயிலின் மேல் இருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினான். "மயிலு எதுக்கு சாமி?" என்று அம்மா கேட்டார். "சும்மாங்கம்மா, லாரிக்குப் போட்டுப் போட்டுப் பழகிருச்சு," என்றான். "நல்லாத்தான் இருக்குது. ஊட்டுக்கு ஒரு படலு வேணும், இதே மாதிரி செஞ்சு குடு," என்றார். அவன் அப்போதுதான் அழுதான்.

விழா உள்ளே கலையரங்கத்தில் ஏற்பாடாகியிருந்தது. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "நான் இங்கயே உக்காந்துக்கறேன். பஸ்ஸு வருமல்ல?" முதல்வர் வெளியே வந்து கெஞ்சிப் பார்த்தார். பிறகு விழாவே வெளியே வந்தது. காக்கி உடுப்பு மாணவர்கள் சாலையோரம் அணிவகுத்தார்கள். முதல்வர் மைக் இல்லாமல் காற்றோடு சண்டை போட்டுப் பேசினார். நடுநடுவே பஸ் வரும். வந்த பஸ்கள் எல்லாமே அவன் பெயரைச் சொல்லின என்று சொல்ல முடியாது. பழக்க தோஷத்தில் சேகோ என்றும் சிலர் கூவினார்கள். அப்படிக் கூவும்போது மாணவிகள் கூட்டமாகத் திருத்துவார்கள், முதல்வர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அதற்குள் பட்டுச் சால்வை ஒன்றும் வந்துவிட்டது. அம்மா என் காதில், "ஒரு குட்டி போத்தாமக் கெடக்குது, வாங்கிக்கறேன்," என்றார்.

மதியம் திரும்பும் பஸ் வந்தது. அம்மா முதல் ஆளாக நடந்து போய்ப் படியில் கால் வைத்தார். பின்னால் அவரைத் தாங்க நான். அப்போது கல்லூரி வாசலில் இருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். வெள்ளை லேப் கோட் கழற்றக்கூட நேரமில்லை, துப்பட்டா ஒரு பக்கம் பறக்கிறது. ஓட வராத பெண், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

டிரைவர் கியரைத் தட்டினார். அம்மா ஏறவில்லை. ஒரு காலைப் படியில் வைத்தவர், மற்றக் காலை எடுக்கவே இல்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையில் பாதத்தை அழுத்தி ஊன்றி நின்றார்.

"ஆயா, ஒண்ணு ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க," என்று கண்டக்டர் கத்தினார்.

"இரு சாமி. ஆளு வருது."

அந்தப் பெண் வந்து ஏறி, மூச்சிரைக்க, "தேங்க்ஸ் பாட்டி," என்றாள். அதற்கப்புறம்தான் அந்த இரண்டாவது கால் மேலே வந்தது. நான் ஏறவே மறந்து சாலையில் நின்றுவிட்டேன். ஒரு நிமிடம் எனக்கு இருபது வயது.

அவன் பெயரை நான் எழுதாததன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியது போதும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கம் வந்தால் அந்த ரோஸ் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரின் வாயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேகோ என்று அவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். என் கவுண்டரில் இப்போது யாராவது ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லத் தடுமாறினால் நான் அவசரப்படுத்துவதில்லை. எந்த ஊரின் பெயரோ, அது யார் ஒரு காலைத் தரையில் ஊன்றி யாருக்காகக் காத்து நின்ற இடமோ என்று நினைத்து, அவர்கள் வாயால் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.